ஒன்பதாவது மேட்ச் சாப்பாடு

பாரகுடா என்றால் ஊளி மீன். இந்தச் சின்ன விஷயத்தை முதலாளி பொன்னுதுரையிடம் எடுத்துச் சொல்ல ஓர் ஆள்கூட இல்லாமல் போனதுதான் முதல் கோளாறு. உப்பும் சரக்குக் கப்பலும் அவரை வாழவைத்தவை. பேஸ்கட்பாலைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் வளையம் உயரத்தில் இருக்கும் என்பதுதான். தென் மாநிலங்களில் எட்டு ஊர் சேர்ந்து சம்பளத்துக்கு ஆட்டக்காரர்களை வைத்து ஆடும் லீக் ஒன்று புதிதாகத் தொடங்குகிறது, தூத்துக்குடிக்கும் ஒரு டீம் எடுத்தால் கம்பெனிக்குப் பேர் என்று யாரோ சொன்னார்கள். எடுத்துவிட்டார். சென்னையிலிருந்து வந்த விளம்பரக்காரர்கள் 'தூத்துக்குடி பாரகுடாஸ்' என்று பெயர் வைத்து, பல்லைக் காட்டும் மீன் ஒன்றை மஞ்சள் பனியனில் அச்சடித்தார்கள். திரேஸ்புரத்து மீனவர்கள் படத்தைப் பார்த்த உடனே, "இது நம்ம ஊளில்லா" என்றார்கள். அன்றைக்கே டீமுக்கு ஊளி டீம் என்று பெயர் விழுந்துவிட்டது.

ஜனவரியில் முதல் மேட்ச் ஜெயித்தபோது அது செல்லப் பெயராக இருந்தது. அதற்குப் பிறகு வரிசையாக ஏழு மேட்ச் தோற்றார்கள். சும்மா தோற்கவில்லை, இருபது பாயிண்ட், முப்பது பாயிண்ட் என்று தோற்றார்கள். ஊர் அதற்குள் பேச்சை மாற்றிக்கொண்டது. "இன்னைக்கு ஊளி ஊளையிடுதாம், போவமா" என்று டிக்கெட் கவுண்டரில் நின்றே கேட்டார்கள். துறைமுகத்தில் கண்டெய்னர் லாரிக்காரர்கள் 'ஊளி ரசிகர் மன்றம்' என்று ஒரு வாட்ஸப் குரூப் தொடங்கினார்கள். அதில் ரசிகன் என்று ஒருத்தனும் கிடையாது. கிண்டல் பண்ணுவதற்கென்றே ஆயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள்.

அந்த டீமுக்குச் சோறு பொங்கியவள் பேச்சிச்செல்வி. துறைமுகம் போகும் ரோட்டில் கம்பெனியின் பழைய கெஸ்ட் ஹவுஸில்தான் ஆட்டக்காரர்கள் பதினான்கு பேரும் தங்கியிருந்தார்கள். பின்னால் மெஸ். விடியுமுன்னே முத்தையாபுரத்தில் முதல் மினி பஸ்ஸைப் பிடித்தால்தான் ஆறு மணிக்கு எழுபது முட்டையை வேக வைக்க முடியும். எழுபது முட்டையில் முக்கால்வாசிக்கு மஞ்சள் கருவைத் தனியே எடுத்துவிட வேண்டும். "வெள்ளக் கருவத் திங்குதானுவ, மஞ்சளத் தள்ளுதானுவ. கோழி என்ன நெனைக்கும்" என்பாள் கூட வேலை செய்யும் அல்போன்சா. பிறகு கோழி நெஞ்சுக்கறி, உப்பும் உறைப்பும் இல்லாமல் அவித்தது. அப்புறம் காய்கறி, அதுவும் அவித்தது. இருபது வருஷம் கல்யாண வீடுகளில் சமைத்த கை பேச்சிச்செல்வியினுடையது. வாயில் வைக்க வழியில்லாத சாப்பாட்டை நாளுக்கு நான்கு வேளை சமைப்பது அவளுக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு நாள் லீவு போடவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. கம்பெனி உப்பளத்துக்குப் பக்கத்தில் நானூறு தொழிலாளிகளுக்கு ஒரு கேண்டீன் கட்டிக்கொண்டிருந்தார்கள். சீசன் தொடங்கிய அன்று பூஜை போட்டுப் பால் பொங்கியபோது முதலாளியே சொன்னார்: "சீசன் முடியட்டும்மா. கேண்டீனுக்கு நீதான் ஹெட்டு. பெர்மனன்ட்." பெர்மனன்ட் என்றால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஈஎஸ்ஐ கார்டு உண்டு. கார்டில் புருசன் பெயரும் ஏறும். அவள் புருசன் செந்தூர்பாண்டி இருபத்தாறு வருஷம் உப்பளத்தில் வாரியவன். வெள்ளை வெளேரென்று கிடக்கும் பாத்தியில் வெயில் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கும். அந்த வெளிச்சத்தையே பார்த்துப் பார்த்துக் கண் இரண்டும் போய்விட்டது. இடது கண்ணை இலவச முகாமில் ஆபரேஷன் செய்தார்கள், சரியாகவில்லை. வலது கண்ணில் இன்னும் நிழலாட்டமாகத் தெரிகிறது. இந்த வருஷத்துக்குள் நல்ல ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் அதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேச்சிச்செல்வி அந்தக் கார்டைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபாரத்தைப் பூர்த்தி செய்து, புருசனோடு போய் எடுத்த இரண்டு போட்டோவையும் ஒட்டி, ஆபீஸில் எப்போதோ கொடுத்தாயிற்று.

ஒன்பதாவது மேட்ச்சுக்கு முந்தின நாள் மேனேஜர் பெவின் போன் செய்தார். நாசரேத்துக்காரர், எம்.பி.ஏ. படித்தவர். டீமின் வரவு, போக்கு, ஆள் எடுப்பு எல்லாம் அவர் கையில்தான் இருந்தது. கோச் பெங்களூர்க்காரர். அவருக்குத் தமிழ் வராது, அவர் சொல்வதை எல்லாம் பெவின்தான் மெஸ்ஸுக்குச் சொல்வார். அன்றைக்கு அவர் துறைமுக வாசலில் லாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கம் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"செல்வி, கோச் சொல்லுதாரு. நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுல கார்ப்பக் கூட்டிப் போடணுமாம்."

"என்னது சார்?"

"கார்ப்பு, கார்ப்பு."

"காரமா சார்?"

"ஆமா, அதான். நல்லாக் கூட்டிருங்க."

"எம்புட்டுக்கு சார் கூட்ட?"

"டபுளாப் போடுங்க." போன் வைத்தாயிற்று.

பேச்சிச்செல்வி கிரைண்டரை நிறுத்தினாள். இரண்டு மாதமாக ஒரு மிளகு கூடப் போடாதே என்று உயிரை வாங்கிய கோச் இன்றைக்குக் காரத்தைக் கூட்டச் சொல்கிறாரே என்று அவளுக்கும் தோன்றாமல் இல்லை. அல்போன்சாதான் அதைத் தீர்த்துவைத்தாள்.

"இதுல என்னளா அதிசயம். தோத்துத் தோத்துப் பயலுவளுக்குச் சொரண செத்துப்போச்சு. ஒறப்பாத் திண்ணாலாச்சும் ரோசம் வருமான்னு பாக்காரு போல."

"அதுவும் சரிதான். அவிச்ச கோழியத் திண்ணுட்டு எவனுக்கு ரோசம் வரும்?"

இரண்டு மாதமாகக் கட்டிப்போட்டிருந்த கையை அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. விளாத்திகுளம் சம்பா மிளகாய் வத்தலை வறுத்து, மிளகும் சீரகமும் வைத்து அரைத்துக் கோழியைக் குழம்பாக வைத்தாள். காய்கறியைக்கூட விடவில்லை, உருளைக்கிழங்குக்கும் மிளகாய்ப்பொடி போட்டுப் பிரட்டினாள். கெஸ்ட் ஹவுஸ் முழுக்க அந்த வாசனை அடித்தது. கோச் ஹோட்டலில் சாப்பிடுகிறவர், அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆட்டக்காரர்கள் முதல் வாயிலேயே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவள் பெருமையாக, "கோச் ஆர்டர்" என்றாள். எதிர்த்துப் பேசுகிறவனுக்கு அபராதம் என்று முந்தின வாரம்தான் கோச் சொல்லியிருந்தார். யாரும் வாய் திறக்கவில்லை. மூக்கையும் கண்ணையும் துடைத்துக்கொண்டு தின்று முடித்தார்கள்.

அன்று சாயங்காலம் இருபத்துநான்கு பாயிண்டில் தோற்றார்கள். ஆளாளுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள், டைம் அவுட் விட்டால் தண்ணீர் பாட்டிலில்தான் போய் விழுந்தார்கள். நைஜீரியாவிலிருந்து வந்திருந்த சென்டர் ஆட்டக்காரன் ஒருத்தன் மட்டும் இரண்டாம் தடவை குழம்பு வாங்கித் தட்டை வழித்துச் சாப்பிட்டவன். அவன் தனியாளாக முப்பத்தொரு பாயிண்ட் போட்டான். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஊளி தோற்றது, அதில் ஊருக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

அதற்கப்புறம் ஐந்து மேட்ச். ஒன்றை ஜெயித்தார்கள், அதுவும் எதிர் டீமில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். மார்ச் மாதம் கடைசியில் எட்டு டீமில் எட்டாவதாக வந்து நின்றார்கள். கோச் ராஜினாமா மெயில் அனுப்பிவிட்டு விமானம் ஏறிவிட்டார். வெயில் தொடங்கிவிட்டது, உப்பளங்களில் வாருகிற வேலை மும்முரமாக நடந்தது. ஆட்டக்காரர்கள் அடுத்த வருஷம் யாரை வைத்துக்கொள்வார்கள், யாரை அனுப்புவார்கள் என்று தெரியாமல் கெஸ்ட் ஹவுஸில் படுத்துக் கிடந்தார்கள்.

டீமில் உள்ளூர்க்காரன் ஒருவன்தான் இருந்தான், காயல்பட்டினத்து இஹ்ஸான். வாப்பா துபாயில் இருக்கிறார். இருபத்துமூன்று வயது, ஆறடி இரண்டங்குலம், பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான். மற்றவர்கள் மேசையில் சாப்பிட, அவன் சமையல்கட்டில் சோடா கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவான். மூன்று மாதத்தில் பேச்சிச்செல்விக்கு அவன் மேல் ஒரு பிரியம் விழுந்திருந்தது. மஞ்சள் கருக்களை எல்லாம் வெங்காயம் போட்டு வதக்கி அவனுக்குத்தான் ஒளித்துக் கொடுப்பாள். ஒரு வியாழக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே போனில் எதையோ தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னய்யா பாக்குத, பொண்ணா?"

"பொண்ணு எங்கக்கா, சாப்பாட்டுப் பட்டியல். சீசன் இல்லாதப்ப என்ன திங்கணும்னு அனுப்பிருக்காங்கோ. கார்ப்பக் கொறைக்கணுமாம்."

"காரத்தையா? ஏற்கனவே ஒண்ணுமில்லாமத்தான திங்குத."

"காரமில்லக்கா, கார்ப்பு. சோறு, ரொட்டி, உருளக்கிழங்கு, இதுக்குப் பேருதான் கார்ப்பு. மேட்சுக்கு முந்தி நெறையத் திங்கணும், அப்பத்தான் ஓடத் தெம்பு இருக்கும்."

பேச்சிச்செல்வி கையில் கரண்டியோடு நின்றுவிட்டாள். "சோத்துக்கா பேரு கார்ப்பு?"

"ஆமா. ஏன்?"

"ஏலே, நான் காரத்தையில்லாலே கூட்டுனேன்."

"எப்ப?"

"ஒம்பதாவது மேட்சுக்கு. பெவின் சார் போன்ல கார்ப்பக் கூட்டுங்கன்னாவ. காரமா சார்னு கேக்கேன், ஆமாங்காவ. எம்புட்டுன்னு கேக்கேன், டபுளுங்காவ. நானும் அள்ளிப் போட்டேன்."

இஹ்ஸான் வாயில் வைத்த சோற்றை விழுங்கக்கூட முடியாமல் சிரித்தான். அவளுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. அல்போன்சா மீன் கழுவின கையோடு ஓடிவந்து என்ன என்று கேட்டாள், அவளுக்கும் சொல்லி மூன்று பேருமாகச் சிரித்தார்கள். "அன்னைக்கு முழுக்க எனக்கு அடிவயித்துல நெருப்பு வச்ச மாதிரி இருந்துச்சுக்கா, டென்சன்னு நெனச்சேன்" என்று அவன் சொல்ல, அவள் அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மூச்சு வாங்கியதும் சொன்னாள்:

"யார்ட்டயும் சொல்லிராதய்யா."

"நான் சொல்லுவனாக்கா?"

அவன் கெட்டவன் இல்லை. ஆனால் அந்த மாதிரி ஒரு கதையை வயிற்றில் வைத்துக்கொண்டு ராத்திரி படுக்க அவனால் முடியவில்லை. ரூமில் சொன்னான். ரூம் பெவினிடம் சொன்னது.

சனிக்கிழமை கெஸ்ட் ஹவுஸ் ஹாலில் மீட்டிங். முதலாளி, அவருடைய ஆடிட்டர், இரண்டு மைத்துனர்மார், ஆபீஸ் ஆட்கள், பெவின், எல்லாருமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். பேச்சிச்செல்வி காலையிலிருந்து அவர்களுக்காகச் சமைத்தாள். நண்டுக் குழம்பு, விளமீன் பொரித்தது, பருப்பு, ரசம். கேண்டீனுக்கு இது ஒரு பரீட்சை மாதிரி என்று அவளுக்கு எண்ணம். சீசன் முடிந்துவிட்டது, இன்றைக்கு முதலாளி வாயால் ஒரு சொல் வந்துவிடும் என்று, சலவைச் சேலை ஒன்றைப் பையில் கொண்டுவந்து மாற்றிக்கொண்டிருந்தாள். சமையல்கட்டுக்கும் ஹாலுக்கும் நடுவே பாத்திரம் தள்ளுகிற சின்ன ஜன்னல் உண்டு. பேச்செல்லாம் கேட்கும்.

"பதினாலுல ரெண்டு" என்றார் முதலாளி. "கலெக்டர் ஆபீசுக்குப் போனா, பியூன் கேக்கான், ஊளி எப்படியிருக்குன்னு. எதுக்குத் தோத்தோம்? எனக்கு ஒரு காரணம் வேணும்."

காரணத்துக்கா பஞ்சம்? பாதி ஆட்டக்காரர்களை வீடியோவில் பார்த்தே எடுத்தவர் பெவின். வந்திறங்கிய அன்றைக்கே இரண்டு பேருக்கு முட்டி வீங்கியிருந்தது. பிராக்டிஸுக்கு அவர் பிடித்துக்கொடுத்த ஹாலில் கூரை ஒழுகி, ஜனவரி மழையில் பத்து நாள் தரையில் வாளி வைத்திருந்தார்கள். வெளியூர் மேட்ச்சுக்கு முந்தின நாள் ரயிலில் அனுப்பாமல், அன்றைக்கே பத்து மணி நேரம் பஸ்ஸில் ஏற்றி இறக்கினார். இதெல்லாம் அந்த ஹாலில் இருந்த எல்லாருக்கும் தெரியும். முதலாளிக்கும் ஆடிட்டர் ஒரு தாளில் எழுதியே கொடுத்திருந்தார்.

"பெவின், ஒங்களத்தான் கேக்கேன். நான் ஒரு முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கேன். அதுக்கு முந்தி நீங்க சொல்லுததச் சொல்லுங்க."

பெவின் எழுந்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "அண்ணாச்சி, தப்பு நெறைய நடந்திருக்கு. நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு விஷயம் எனக்கே முந்தாநாள்தான் தெரியும். நீங்க நம்பமாட்டிய."

அவர் கதையைச் சொன்னார். நன்றாகவே சொன்னார். கோச் கேட்ட கார்ப்பு, போனில் அவர் சொன்னது, மறுநாள் ஆட்டக்காரர்கள் மூக்கைச் சிந்திச் சிந்தித் தின்றது, அதில் ஒருத்தன் ஃப்ரீ த்ரோ போட நின்றவன் பந்தைக் கீழே வைத்துவிட்டு டாய்லெட்டுக்கு ஓடியது. அந்தக் கடைசி விஷயம் நடக்கவே இல்லை. அந்த நேரத்தில் அவர் வாயில் தானாக வந்தது. முதலாளி கொஞ்ச நேரம் முகத்தை அசைக்காமல் இருந்தார். பிறகு தொப்பை குலுங்கியது. மைத்துனர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்கள். ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றினார். மூன்று மாதமாக ஊர் முதலாளியைப் பார்த்துச் சிரித்தது. இப்போது அவர் சிரிப்பதற்கும் ஓர் ஆள் கிடைத்துவிட்டாள்.

"எங்க அந்தப் பொம்பள? கூப்பிடுங்க."

பேச்சிச்செல்வி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நீதானாம்மா காரத்தக் கூட்டுனது?"

"ஆமா முதலாளி."

"அவரு கார்ப்புன்னா நீ காரம்னு நெனச்சிட்ட?"

"நான் கேட்டேன் முதலாளி. காரமா சார்னு கேட்டேன். சாரு ஆமான்னாவ."

அவளுக்காக அவள் சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். அதைக் கேட்டுத்தான் அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். பெவினும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு மைத்துனர், "அப்புறம் என்னம்மா சொன்னாரு, நீயே சொல்லு" என்று எடுத்துக்கொடுத்தார்.

"டபுளாப் போடுன்னாவ. அதான் ரெண்டு பங்கு போட்டேன்."

மேசையைத் தட்டினார்கள். பேச்சிச்செல்வியும் சிரித்தாள். முதலாளி சிரிக்கும்போது உம்மென்று நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் தொடங்கினாள். ஆனால் பாதியில் அது நிஜமாகவே வந்துவிட்டது. பெரிய மனுசர்கள் இத்தனை பேர் அவள் பேச்சை உட்கார்ந்து கேட்டது பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான். அல்போன்சா சொன்ன ரோசத்தையும் சேர்த்துச் சொன்னாள். அதற்கும் சிரித்தார்கள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிதான், எடுத்து வைம்மா, பசிக்கி" என்றார். முடிவு பண்ணிவிட்டு வந்ததாகச் சொன்ன விஷயத்தை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. நண்டுக் குழம்பை எல்லாரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

இரண்டரை மணிக்குக் கார்கள் கிளம்பிப் போன பிறகு பெவின் பின்பக்கம் வந்தார். பேச்சிச்செல்வி அண்டாவைச் சாய்த்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"செல்வி, கேண்டீன் விஷயம்."

"சொல்லுங்க சார்." எழுந்துகொண்டாள்.

"முதலாளி யோசிக்காரு. நானூறு பேரு சாப்பிடுத எடம். அங்க ஒரு சொல்லு மாறிப்போச்சுன்னா கம்பெனிக்குப் பெரச்சன. நாளைக்குக் கேஸாயிரும்."

"இப்ப நண்டக் கேட்டு வாங்கித் திண்ணாவளே சார்."

"ருசியப் பத்தி யாரும் பேசல."

"நான் கேட்டேன்லா சார். நீங்க ஆமான்னியள்லா."

"கேட்டீங்க. நான் இல்லன்னேனா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "காலைல முதலாளி என்னத் தூக்கத்தான் வந்தாரு. எனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு செல்வி. ஒங்களுக்குக் கல்யாண வீட்டு வேல எப்பவும் உண்டு. நான் இந்த வயசுல வேற எங்க போவ?"

அவர் அதை வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திமிராகச் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பாள்.

"அப்ப யாருக்குப் போட்டிருக்கு?"

"அல்போன்சாவுக்கு. நாளைலருந்து மெஸ்ஸும் கெடையாது, அடுத்த சீசனுக்குப் பாக்கலாம்." கையிலிருந்த கவரை நீட்டினார். அவளுடைய ஈஎஸ்ஐ ஃபாரம். "போட்டோவ நான் கிழிக்காம எடுத்து வச்சிருக்கேன். வேற எதுக்காச்சும் ஆகும்."

அல்போன்சா மீன் செதில் கிடந்த தரையைத் தேவைக்கு மேல் கழுவிக்கொண்டிருந்தாள். "நான் கேக்கல செல்வி. சேசுமேல சத்தியமா நான் கேக்கல. அவியளா வந்து சொன்னாவ."

"வேண்டாம்னு சொல்லலையே நீ."

அல்போன்சா இன்னொரு வாளித் தண்ணீரை அள்ளி ஊற்றினாள். வேண்டாம் என்று பேச்சிச்செல்வியும்தான் சொல்லியிருக்கமாட்டாள்.

கேட்டைத் தாண்டும்போது இஹ்ஸான் பின்னாலேயே வந்தான். அடுத்த சீசனுக்கு வைத்துக்கொள்கிற நாலு பேரில் அவனும் ஒருத்தன் என்று மத்தியானம்தான் தெரிந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தை முகத்திலிருந்து மறைக்க அவனுக்குத் தெரியவில்லை.

"அக்கா, நான் ரூம்ல ஜோக்காத்தான் சொன்னேன். இப்படி ஆவும்னு நெனைக்கல."

"நெனச்சிருந்தா?"

"சொல்லிருக்கமாட்டேன்."

"சொல்லிருப்ப. ஒனக்குச் சிரிப்பாணி அடங்காது." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "மஞ்சக்கருவ வதக்கி வதக்கிப் போட்டேம்லா ஒனக்கு. அதுல ஒருநாளு அந்த வத்தலப் பூராவும் அரைச்சுக் கலந்திருக்கணும்லே, நாக்கு ஒரு மாசத்துக்கு எந்திரிச்சிருக்காது."

அவன் அதற்கும் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

மினி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உப்புக் குவியல்களுக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். புருசனிடம் எப்படிச் சொல்வது என்று அவள் முத்தையாபுரம் வரும்வரை யோசித்தாள். கேண்டீன் வேலை தள்ளிப்போகிறது என்று சொல்லலாம். டீம் தோற்றதால் கம்பெனிக்கு நஷ்டம் என்று சொல்லலாம். நடந்ததைச் சொல்வதென்றால் எங்கே தொடங்கினாலும் அது சிரிப்புக் கதையாகத்தான் வந்து முடிந்தது. அவளே எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாலும் அப்படித்தான் முடிந்தது.

வீட்டுக்கு வரும்போது நாலரை மணி. செந்தூர்பாண்டி வாசலில் வேம்பு நிழலில் ஸ்டூல் போட்டு, போனைக் காதில் ஒட்டவைத்தபடி உட்கார்ந்திருந்தான். கண் மங்கிய பிறகு படம் பார்க்க முடியாது, குரல் பதிவுகளைத்தான் கேட்பான். டீக்கடைக்காரன் அவனை எல்லாக் குரூப்பிலும் சேர்த்துவிட்டிருந்தான். அவள் செருப்புச் சத்தத்தைக் கேட்டதுமே சிரிக்கத் தொடங்கினான்.

"ஏளா, வா வா. ஒரு கத கேளு. ஊளி குரூப்புல போட்டிருக்கான். உங்க டீமுதாம்ளா."

"நான் மொதல்ல மூஞ்சி கழுவிக்கிடுதேன்."

"இரு, இதக் கேட்டுட்டுப் போ." தடவித் தடவி ஓர் இடத்தில் அமுக்கினான். யாரோ ஒருத்தன் பொம்பளைக் குரலில் கீச்சுக் கீச்சென்று பேசினான். *காரமா சார்? எம்புட்டு சார் கூட்ட? டபுளா சார்?* பின்னாலேயே பத்து லாரிக்காரர்கள் சிரிக்கிற சத்தம். செந்தூர்பாண்டி துண்டால் கண்ணைத் துடைத்தான். அவன் இப்படிச் சிரித்து அவள் பார்த்து இரண்டு வருஷம் இருக்கும். கண் போனதிலிருந்து சாப்பிடும்போதுகூட வாய் பேசாதவன். "சோத்தக் கூட்டச் சொன்னா வத்தல அள்ளிப் போட்டிருக்கா, கூறுகெட்டவ. அதான் நம்மூரு டீமு தோத்துச்சாம். மூணு தடவ கேட்டுட்டேன். உங்க அண்ணனுக்கும் தள்ளிவிட்டிருக்கேன். யாருளா அந்தப் பொம்பள, அல்போன்சாவா?"

பேச்சிச்செல்வி பையைக் கீழே வைத்தாள்.

"நாந்தான்."

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் இருக்கிற பக்கத்தைத் தேடி வலது கண்ணைத் திருப்பினான். "என்ன சொல்லுத?"

"நாந்தான் கூட்டுனேன். சார்ட்டக் கேட்டுட்டுத்தான் கூட்டுனேன். முதலாளி முன்னால வச்சு எல்லாரும் சிரிச்சாவ. கேண்டீன் வேல எனக்கு இல்லையாம், அல்போன்சாவுக்காம். மெஸ்ஸும் இன்னையோட சரி. ஃபாரத்தத் திருப்பித் தந்துட்டாவ. கார்டு கெடையாது."

சொல்லி முடித்துவிட்டு அவள் சுவரோடு சாய்ந்தாள். போன் அவன் மடியில் கிடந்தது. பிறகு துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு குனிந்தான். தோள் குலுங்கியது. முதுகெலும்பு பனியனுக்கு மேலே துருத்திக்கொண்டு ஏறி இறங்கியது. ஆபரேஷன் சரியாகவில்லை என்று சொன்ன அன்றைக்குக்கூட அழாத மனுசன். அவளுக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் முதுகில் கையை வைத்தாள்.

"விடுங்க. எப்பிடியாச்சும் பாத்துக்கிடலாம். நான் கல்யாண வீட்டு வேலைக்குப் போறேன். ஒங்க கண்ண நான் விட்ருவனா?"

கைக்குக் கீழே குலுங்கல் அடங்கவில்லை, கூடிக்கொண்டே போனது. துண்டுக்குள்ளிருந்து அடக்க முடியாமல் ஒரு சத்தம் வெளியே வந்தது. இரண்டாவது தடவை வந்தபோதுதான் அது என்ன சத்தம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"தப்பா எடுத்துக்கிடாதளா" என்றான் அவன் மூச்சு முட்ட. "டபுளா சார்னு கேட்டியாமே. என்னால முடியல."